மூன்று முறை நீரை மாற்றியும் கொல்லைக் குளம் பச்சையாகவே இருக்கிறது: எங்கே தவறுகிறேன்?

கொல்லைக்குளம் | 1ஆம் நாள்

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறம் நானும் என் மகளும் மண்வெட்டி பிடித்து வெட்டிய சிறு குளம் ஒன்று இருக்கிறது. நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர். ஆழம் ஓரத்தில் 40 செ.மீ., நடுவில் 80 செ.மீ. அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, குழாய்நீர் நிரப்பி, 14 தங்கமீன்களை விட்டோம். மூன்று தொட்டிகளில் அல்லி வைத்திருக்கிறோம். முதல் மூன்று வாரங்கள் அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. நான்காம் வாரம் நீர் இளம்பச்சையாயிற்று. ஆறாம் வாரம் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டது போல ஆகி, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு மூன்று முறை நீர் முழுவதையும் இறைத்து, விரிப்பைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எட்டு, பத்து நாள்கள் தெளிவாக இருந்து, பிறகு முன்பைவிட அடர்த்தியான பச்சையாக மாறிவிடுகிறது. முதல் முறை மாற்றியபோது இரண்டு மீன்கள் இறந்தன. இப்போது 12 இருக்கின்றன என்று நினைக்கிறேன், எண்ணிப் பார்க்க முடியவில்லை. பம்பும் நுரைப்பஞ்சு வடிகட்டியும் இருக்கின்றன. பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை குழாயடியில் சுத்தமாகக் கழுவுகிறேன். மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வருகிறாள். இதற்கு நிரந்தரமான வழி எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.


கோய்ப்பிரியன் | 1ஆம் நாள்

யூ.வி. (புற ஊதாக்கதிர்) விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். என் குளத்தில் ஆறு ஆண்டுகளாக வேறு எதுவும் தேவைப்படவில்லை.


அல்லித்தண்டு | 1ஆம் நாள்

வணக்கம் நண்பரே. விளக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கலங்கல் எதனால் ஆனது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் கலங்கிய நீர் எல்லாம் ஒன்றல்ல, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது.

நிறமற்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் குளத்து நீரை நிரப்பி, அசையாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால், அது மீன்கள் கிளறிவிடும் வண்டல். புட்டி முழுவதும் பச்சை அப்படியே நின்றால், நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. படியாமல் தேநீரின் நிறத்தில் தெளிவாக இருந்தால், ஊறிய இலைகளிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் இறங்கிய சாயம். அதற்கு இலைகளை அள்ளிவிட்டு, வடிகட்டியில் கிளர்வூட்டிய கரி வைத்தால் போதும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், புதுக் குளத்தில் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகியிருக்கின்றன என்று பொருள். அது பெரும்பாலும் தானே அடங்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். நீரின் மேற்பரப்பில், குறிப்பாகக் காற்று ஒதுக்கிய மூலையில், நீலப்பச்சை வண்ணப்பூச்சைக் கொட்டியதுபோல் ஆடை படிந்து துர்நாற்றம் வீசினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது பாசியே அல்ல, பாக்டீரியா வகை; அதில் சில ஈரலையும் நரம்பையும் தாக்கும் நச்சை உண்டாக்கும். அப்படி இருந்தால் குழந்தையையும் நாயையும் குளத்தின் பக்கம் விடாதீர்கள்.

நம் மொழியில் பாசி என்ற ஒரே சொல், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசியையும், கல்லில் வழுக்கும் பூச்சையும், முடிபோல் நீளும் இழைப்பாசியையும், வேர்விட்டு வளரும் வேலம்பாசியையும் சேர்த்தே குறிக்கிறது. இந்த நான்கில் கடைசியானது பாசி அல்ல, பூக்கும் தாவரம். அது உங்களுக்கு நண்பன். "குளத்தில் பாசியே இருக்கக் கூடாது" என்று எல்லாவற்றையும் ஒருசேரப் பிடுங்கி எறிந்தவர்களின் குளங்கள்தான் மிக அதிகமாகப் பச்சையாகின்றன.


கொல்லைக்குளம் | 2ஆம் நாள்

புட்டியை இரவு முழுவதும் வைத்திருந்தேன். அடியில் கோடு போட்டதுபோல் கொஞ்சம் மண் இருக்கிறது. மற்றபடி புட்டி முழுவதும் பச்சை. மேலே ஆடை எதுவும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆகவே மிதவைப் பாசி என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைச் செல் உயிர் என்றால் அதைக் கொல்லும் மருந்து ஒன்று இருக்குமே, அதை ஊற்றினால் வேலை முடிந்துவிடாதா? பாசிக்கொல்லி என்ற பெயரில் பல விற்பனையில் இருப்பதைப் பார்க்கிறேன்.


பழைய குளத்துக்காரி | 2ஆம் நாள்

தம்பி, தயவு செய்து ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வெயில் நாளின் மாலையில், புட்டியில் எழுதியிருந்த அளவுக்கு ஒரு சொட்டுகூட மிகாமல் அளந்து ஊற்றினேன். மறுநாள் காலையில் நீர் பழுப்பாகியிருந்தது. என்னிடமிருந்த பதினோரு மீன்களும் மிதந்துகொண்டிருந்தன. மருந்து நஞ்சாகிவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: மீன்களைக் கொன்றது செத்த பாசி. அவ்வளவு பாசியும் ஒரே இரவில் மடிந்து அழுகத் தொடங்கியபோது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலிருந்த பிராணவாயுவை எல்லாம் எடுத்துக்கொண்டன. பகலில் பிராணவாயுவை வெளியிட்ட பாசியும் இல்லாமல் போயிற்று. அந்தக் காலைப் பொழுதை நான் இன்னும் மறக்கவில்லை.

செம்புச் சல்பேட் கலந்த மருந்துகள் இன்னும் மோசம். கால்சியம் குறைந்த மென்னீரில் அது மிகக் குறைந்த அளவிலேயே மீனின் செவுளைத் தாக்கும். நத்தைகள் அதைத் தாங்கவே தாங்கா. அத்தனையும் நடந்த பிறகு மூன்று வாரத்தில் என் குளம் மறுபடியும் பச்சையாயிற்று, ஏனென்றால் செத்த பாசியின் உடலில் இருந்த உரம் முழுவதும் நீருக்கே திரும்பிவிட்டது.


நீர்ச்சோதனை | 2ஆம் நாள்

அம்மா சொன்ன கடைசி வரிதான் இந்தச் சிக்கலின் மையம் என்பதால் அதை விரித்துச் சொல்கிறேன். பச்சை நீர் என்பது, நீரில் கரைந்திருக்கும் உணவுக்கு வேறு உரிமையாளர் இல்லை என்பதன் அடையாளம். பாசியைக் கொன்றாலும் நீரை இறைத்தாலும் அந்த உணவு மீண்டும் வந்துகொண்டே இருந்தால், அதை முதலில் எட்டிப் பிடிப்பது, நல்ல வெளிச்சத்தில் ஒரு நாளுக்குள் இரண்டு மடங்காகக்கூடிய அந்த ஒற்றைச் செல்தான்.

இதைக் கண்ணால் காணும்படி காட்டிய சோதனை ஒன்று 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்தது. 226 என்று எண்ணிட்ட ஒரு சிறு ஏரியை இடுப்புப் பகுதியில் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சையாயிற்று. மற்ற பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் நீரியல் படிக்கும் எவருக்கும் தெரிந்தது. உங்கள் குளத்துக்கும் அதே கணக்குத்தான்: உணவு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

ஆகவே சில விவரங்கள் தேவை. நாள் ஒன்றுக்கு மீன்களுக்கு எத்தனை கிராம் தீவனம் போடுகிறீர்கள்? தராசில் நிறுத்துச் சொல்லுங்கள், பிடிக்கணக்கு வேண்டாம். அல்லித் தொட்டிகளில் எந்த மண் போட்டீர்கள்? அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஆகியவற்றைக் குளத்து நீரிலும் குழாய்நீரிலும் தனித்தனியாகச் சோதித்துப் போடுங்கள். பி.எச். அளவை விடியற்காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பாருங்கள். கூடவே ஒரு வெள்ளைத் தட்டைக் கோலில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். இத்தாலியரான ஆஞ்செலோ செக்கி 1865இல் கடல்நீரின் தெளிவை அளக்கப் பயன்படுத்திய முறை இதுதான். நிறத்தை நினைவில் வைத்து ஒப்பிட்டால் மனம் ஏமாற்றும், அளவு ஏமாற்றாது.


கொல்லைக்குளம் | 4ஆம் நாள்

கேட்டபடி எல்லாவற்றையும் செய்தேன். தட்டு 14 செ.மீ. ஆழத்தில் மறைகிறது. தீவனத்தை நிறுத்துப் பார்த்தபோது நாளுக்கு 20 கிராம் வந்தது. மூன்று வேளை போடுகிறோம், மகள் இன்னும் கொஞ்சம் போடுவாள். குளத்தில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மி.கி., நைட்ரைட் 0.25, நைட்ரேட் ஏறக்குறைய பூச்சியம், பாஸ்பேட் 2. பி.எச். விடியலில் 7.4, மாலையில் 9.2. குழாய்நீரில் நைட்ரேட் 20, பாஸ்பேட் 1. நைட்ரேட் பூச்சியம் என்பது நல்ல செய்தி என்று நினைக்கிறேன். அல்லிக்கு, செடி நன்றாக வளர வேண்டும் என்று, தோட்ட மண்ணில் பாதிக்குப் பாதி மட்கிய எரு கலந்து போட்டேன்.


நீர்ச்சோதனை | 4ஆம் நாள்

நைட்ரேட் பூச்சியம் என்பது நல்ல செய்தி அல்ல, நண்பரே. வரும் நைட்ரேட்டை அந்தக் கணமே பாசி விழுங்கிவிடுகிறது என்பதையே அது காட்டுகிறது. பச்சை நீரில் எடுக்கும் சோதனை, பாசி உண்டு மிஞ்சியதைத்தான் சொல்லும், உண்டதைச் சொல்லாது.

உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 60 செ.மீ. என்று கொண்டால் நீரின் அளவு 3 × 2 × 0.6 = 3.6 கன மீட்டர், அதாவது 3,600 லிட்டர். மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் சுமார் 1 விழுக்காடு இருக்கும். 20 கிராம் தீவனத்தில் 200 மி.கி. பாஸ்பரஸ் குளத்துக்குள் போகிறது; ஒரு மாதத்தில் 6 கிராம். மீனின் உடலில் தங்கும் பங்கைக் கழித்து, பாதிதான் நீரில் சேர்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு லிட்டருக்கு 0.8 மி.கி. கூடுகிறது. மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மி.கி.யை எட்டினாலே ஓர் ஏரியை மிகையாக ஊட்டம் பெற்றது என்று வகைப்படுத்துவார்கள். பத்து சென்டிமீட்டர் நீளத் தங்கமீன்கள் பன்னிரண்டுக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 கிராம் தாராளம். மீதி 15 கிராமை நீங்கள் மீனுக்குப் போடவில்லை, பாசிக்குப் போடுகிறீர்கள்.

முழுமையாக நீரை மாற்றியது ஏன் பலனளிக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். உங்கள் குழாய்நீரே 20 நைட்ரேட்டும் 1 பாஸ்பேட்டும் கொண்டு வருகிறது. (குழாய்கள் அரிக்காதிருக்கச் சில ஊர்களில் குடிநீரில் பாஸ்பேட் சேர்ப்பதுண்டு, அது மனிதருக்குத் தீங்கற்றது, குளத்துக்கு உரம்.) ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 3,600 லிட்டர் உரநீரைப் பாசிக்குப் புதிதாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த 9.2 தான். பகலெல்லாம் பாசி கரியமிலவாயுவை நீரிலிருந்து உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது. அம்மோனியா பி.எச். 7இல் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது, 9.2இல் ஏறக்குறைய பாதி நச்சு வடிவுக்கு மாறிவிடும். காலையில் தீங்கற்ற அதே 0.5 மி.கி., மாலையில் செவுளைச் சுடுகிறது. தீவனத்தை இன்றே குறையுங்கள். எரு கலந்த தொட்டிகளை வெளியே எடுங்கள்.


கொல்லைக்குளம் | 5ஆம் நாள், விடியற்காலை

அவசரமாக எழுதுகிறேன். மீன்கள் அனைத்தும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன செய்வது?


பழைய குளத்துக்காரி | 5ஆம் நாள்

பம்பை உடனே ஓட விட்டு, நீர் உயரத்திலிருந்து விழுந்து தெறிக்கும்படி குழாயைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு குடத்தில் குளத்து நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். இன்று தீவனம் வேண்டாம். குளோரின் நீக்கி மருந்து கையிலிருந்தால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். இல்லாவிட்டால் குழாய்நீரைத் தொடாதீர்கள்.


கொல்லைக்குளம் | 5ஆம் நாள், முற்பகல்

நன்றி அம்மா. ஒரு மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை: மின்சாரம் வீணாகக் கூடாது என்று இரவில் பம்பை நிறுத்திவிடுகிறேன். இரவில்தான் பாசி வேலை செய்வதில்லையே என்று நினைத்தேன்.


நீர்ச்சோதனை | 5ஆம் நாள்

இரவில் பாசி ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, ஆனால் மூச்சு விடுகிறது. பகலில் வெளியிட்ட பிராணவாயுவை இரவில் மீன்களோடு போட்டி போட்டு அதுவே எடுத்துக்கொள்வதால், நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முந்திய பொழுதுதான். வெப்பம் இதை இன்னும் கடினமாக்குகிறது: 20 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. பிராணவாயுவைத் தாங்கும் நீர், 30 பாகையில் 7.5 மி.கி. மட்டுமே தாங்கும். நீர் அசைய வேண்டிய நேரம் எது என்று கேட்டால் இரவு என்றே சொல்வேன்.

வடிகட்டிக்கும் இது பொருந்தும். நுரைப்பஞ்சு அழுக்கைப் பிடிக்கும் துணி மட்டுமல்ல. அதன் துளைகளில் குடியிருக்கும் ஒரு வகைப் பாக்டீரியா மீன் வெளியிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மெதுவாகப் பெருகுபவை. ஒரு வடிகட்டி பழுக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு இடைவிடாத பிராணவாயு வேண்டும், குளோரின் ஆகாது. நீங்கள் மூன்று நாளுக்கு ஒரு முறை குளோரின் கலந்த குழாய்நீரில் பஞ்சைக் கழுவினீர்கள், இரவில் பம்பை நிறுத்தினீர்கள், மூன்று முறை குளத்தையே தேய்த்துக் கழுவினீர்கள். இன்றுவரை உங்கள் வடிகட்டி பிறந்த குழந்தையாகவே இருக்கிறது. இனிமேல் பஞ்சு அடைத்து நீரோட்டம் குறைந்தால் மட்டும், குளத்து நீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் இரண்டு முறை பிழிந்துவிட்டு மீண்டும் வையுங்கள்.


கோய்ப்பிரியன் | 5ஆம் நாள்

இவ்வளவு சுற்றி வளைக்காமல் யூ.வி. விளக்கு வைத்திருந்தால் இந்நேரம் பாதி தெளிந்திருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அது பாசியை நஞ்சிட்டுக் கொல்வதில்லை. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், குழாய்க்குள் கடந்துபோகும் செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வடிகட்டியில் சிக்குகின்றன. நீர் சிறிது சிறிதாகக் கடந்துபோவதால் அம்மா சொன்னதுபோல் ஒரே இரவில் எல்லாம் சாகும் ஆபத்தும் இல்லை. 3,600 லிட்டருக்கு 9 அல்லது 11 வாட் விளக்கு போதும். பொருத்துபவர்கள் செய்யும் தவறுகள் இரண்டே: பம்பின் வேகம் மிகுந்து நீர் கதிருக்குள் நிற்க நேரமில்லாமல் போவது, ஓராண்டுக்கு மேல் விளக்கை மாற்றாமல் விடுவது. நீல ஒளி தெரிந்துகொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் ஓராண்டில் வெகுவாகக் குறைந்திருக்கும். உறையைத் திறந்து எரியும் விளக்கைப் பார்க்கவே கூடாது.


அல்லித்தண்டு | 6ஆம் நாள்

கோய்ப்பிரியன் ஐயா சொல்லும் வேலைமுறை முற்றிலும் சரி, அதை மறுக்கவில்லை. அவர் வளர்க்கும் பெரிய கோய் மீன்கள் எந்தச் செடியையும் வேரோடு பிடுங்கித் தின்றுவிடும். அத்தகைய குளத்தில் விளக்கைத் தவிர வேறு வழி குறைவு. ஆனால் விளக்கு உணவை எடுப்பதில்லை, உண்பவனை மட்டும் எடுக்கிறது. மிதவைப் பாசி போன பிறகு அந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரிலேயே கிடக்க, வெளிச்சம் அடிவரை எட்ட, கதிருக்குள் வராமல் கல்லைப் பிடித்து வளரும் இழைப்பாசி அந்த இடத்துக்கு வரும். பழுக்காத வடிகட்டியோடும் 20 கிராம் தீவனத்தோடும் விளக்கைப் பொருத்தினால், பச்சை நீருக்குப் பதிலாகப் பச்சைக் கயிறு கிடைக்கும்.

உணவை உண்ண வேறொரு வாயைக் குளத்தில் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வேலம்பாசி போன்ற மூழ்குசெடிகள் மிக நல்லவை, ஆனால் 14 செ.மீ. தெளிவுள்ள நீரில் அவற்றுக்கு வெளிச்சமே கிடைக்காது. இப்போது நட்டால் அழுகி உரமாகிவிடும். ஆகவே முதலில் மிதக்கும் செடிகள். அவற்றின் இலை காற்றில் இருக்கிறது, கரியமிலவாயுவைக் காற்றிலிருந்தே எடுக்கிறது. வேர் நீரில் தொங்கி உரத்தை எடுக்கிறது. கூடவே நிழலும் தருகிறது. கலங்கல் அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. மேற்பரப்பில் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை மூடட்டும், அதற்கு மேல் வேண்டாம். முழுவதும் மூடினால் காற்று நீரில் கரையும் வழி அடைபடும்.

செடியை வளர விட்டுவிடுவது பாதி வேலைதான். வாரந்தோறும் பெருகியதில் ஒரு பகுதியை அள்ளி வெளியே எருக்குழியில் போட வேண்டும். அந்தச் செடியின் உடலாக நீங்கள் சுமந்து போவதுதான் குளத்திலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும். அள்ளாமல் விட்டால் அது அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகாயத்தாமரை போன்றவை ஆற்றிலோ ஏரியிலோ விழுந்தால் அந்த நீர்நிலையையே மூடி நாசமாக்கும், பல நாடுகளில் அவற்றை வளர்க்கவே தடை உண்டு. உங்கள் பகுதியில் அனுமதி உள்ளதைத் தேர்ந்து, அள்ளியதைக் குழியிலேயே உலரவிடுங்கள், சாக்கடையில் போடாதீர்கள்.

அல்லியை எருவில்லாத களிமண்ணில் மாற்றி நட்டு, மேலே இரண்டு விரற்கடை அளவுக்குச் சரளை பரப்புங்கள்.


சரளைக்கல் | 6ஆம் நாள்

இடமிருந்தால் குளத்தின் விளிம்பைவிட உயரத்தில் 100 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, பம்பின் நீர் அதன் அடியில் வந்து, கூழாங்கற்களின் ஊடே மேலேறி, விளிம்பில் வழிந்து குளத்தில் விழும்படி செய்யுங்கள். கற்களில் கல்வாழையும் கோரையும் நடுங்கள், மண் வேண்டாம். கல்லில் பாக்டீரியா, வேரில் செடி, வழியும் நீரில் காற்று. அடியில் ஒரு வடிகால் திருகு வைக்க மறக்காதீர்கள். கசடைத் திறந்துவிட அது வேண்டும். எனக்கு அது இல்லாததால் இரண்டாம் ஆண்டு எல்லாக் கற்களையும் கையால் அள்ள நேர்ந்தது.


கொல்லைக்குளம் | 9ஆம் நாள்

செய்தவற்றைச் சொல்கிறேன். தீவனம் 4 கிராம், ஒரே வேளை; மகளிடம் ஒரு சிறு கரண்டியைக் கொடுத்து அதற்கு மேல் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பம்பு இரவும் பகலும் ஓடுகிறது. எருத் தொட்டிகளை எடுத்துக் களிமண்ணில் மாற்றினேன். எடுத்தபோது அந்த மண்ணிலிருந்து குமிழிகள் வந்தன, அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது. கற்தொட்டி அமைத்துவிட்டேன். மிதக்கும் செடிகள் இப்போது மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அடியில் உள்ள சகதியை என்ன செய்வது?


பழைய குளத்துக்காரி | 9ஆம் நாள்

கிளறாமல், குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நீங்கள் முகர்ந்த அதே வாயு அதிலும் இருக்கும். மொத்தமாகக் கிளறினால் மீனுக்குக் கேடு. வெளியேறும் அந்த நீரின் அளவுக்கே புது நீர் சேர்த்தால் வாரத்துக்குப் பத்து விழுக்காடு மாற்றியதாகிவிடும், அது போதும்.


கொல்லைக்குளம் | 24ஆம் நாள்

தட்டு 22 செ.மீ. அம்மோனியா 0.1க்குக் கீழே. மாலை பி.எச். 8.6. நிறத்தில் பெரிய மாற்றம் இல்லை. உண்மையைச் சொன்னால், நேற்று மாலை மீண்டும் எல்லா நீரையும் இறைத்துவிடலாமா என்று வாளியை எடுத்துவிட்டேன்.


அல்லித்தண்டு | 24ஆம் நாள்

வைத்துவிடுங்கள். எட்டு செ.மீ. என்பது தட்டு அளந்த மாற்றம், உங்கள் கண் இன்னும் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். கற்தொட்டிக்குப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கிறது.


கொல்லைக்குளம் | 33ஆம் நாள்

இரண்டு நாள் பலத்த மழை பெய்தது. தட்டு 19 செ.மீ.க்குத் திரும்பிவிட்டது. மழைநீர் தூய்மையானது என்பதால் தெளிவு கூடும் என்று எதிர்பார்த்திருந்தேன்.


நீர்ச்சோதனை | 33ஆம் நாள்

வானிலிருந்து விழுந்த மழை தூயதுதான். குளத்தின் விளிம்பு தரைமட்டத்தில் இருந்தால், புல்தரையையும் உரமிட்ட பாத்திகளையும் கழுவி வந்த மழையும் அதில் சேர்ந்திருக்கும். மழைக்கு முன் தோட்டத்துக்கு உரம் இட்டீர்களா?


கொல்லைக்குளம் | 33ஆம் நாள்

ஆம், அதற்கு நான்கு நாள் முன்பு, புல்தரைக்கு. குளம் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. நாளையே சுற்றிலும் ஒரு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டி, மேட்டுப் பக்கம் நீர் விலகி ஓட வாய்க்கால் வெட்டுகிறேன்.


கொல்லைக்குளம் | 47ஆம் நாள்

தட்டு 55 செ.மீ.! ஐந்து நாள்களுக்குள் இந்த மாற்றம் நடந்தது: 40ஆம் நாள் 27, 42ஆம் நாள் 31, இன்று 55. வடிகட்டியில் எதையும் மாற்றவில்லை. மிதக்கும் செடிகள் பாதிப் பரப்பை மூடியிருக்கின்றன, இரண்டு முறை கூடை நிறைய அள்ளினேன். மீன்களை எண்ண முடிந்தது, பன்னிரண்டும் இருக்கின்றன. இப்படித் திடீரென்று தெளிவது இயல்பா?


நீர்ச்சோதனை | 47ஆம் நாள்

இயல்புதான், மிகவும் மகிழ்ச்சி. ஆழமற்ற நீர்நிலைகள் கலங்கல், தெளிவு என்ற இரு நிலைகளில் ஒன்றில் தங்கி நிற்கும் போக்குடையவை. இடைநிலையில் நெடுநாள் நிற்பதில்லை. உணவு ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை பாசி தாக்குப்பிடிக்கும், பிறகு வேகமாகச் சரியும். கண்ணாடிப் புட்டியில் நீரெடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: துள்ளித் துள்ளி நீந்தும் ஊசிமுனை அளவு உயிரிகள் இருந்தால் அவை நீர்த்தெள்ளுகள், மிதவைப் பாசியை வடித்து உண்பவை. மீன்களுக்கு அவை பிடித்த உணவு என்பதால், செடிகளின் வேர்க்கற்றை அவை ஒளிந்துகொள்ள உதவியிருக்கும்.

தெளிவு வந்துவிட்டதென்று தீவனத்தைக் கூட்டாதீர்கள். இப்போது வெளிச்சம் கீழே எட்டுவதால் வேலம்பாசியை நடலாம்.


கோய்ப்பிரியன் | 48ஆம் நாள்

விளக்கில்லாமல் இது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். கற்தொட்டியின் அமைப்பைச் சரளைக்கல் ஐயா இன்னும் விரிவாக எழுதினால், என் குளத்தின் வடிகட்டிக்குப் பின்னே, மீன்களுக்கு எட்டாத இடத்தில் ஒன்றை வைக்க விரும்புகிறேன்.


கொல்லைக்குளம் | 60ஆம் நாள்

நடுக்குளத்தில் 80 செ.மீ. ஆழத்தில் தட்டு அடியைத் தொட்ட பிறகும் தெரிகிறது. அல்லித்தண்டு ஐயா எச்சரித்தபடியே, நீர் விழும் இடத்துக் கற்களில் பச்சை முடிபோல் இழைப்பாசி கொஞ்சம் வந்திருக்கிறது. வைக்கோல் மூட்டை போடலாம் என்று எங்கோ படித்தேன். போடலாமா?


அல்லித்தண்டு | 60ஆம் நாள்

பார்லி வைக்கோல் நீரில் ஊறிச் சிதையத் தொடங்கிய பிறகே புதிய பாசி வளர்வதை ஓரளவு தடுக்கும். வந்துவிட்டதை அழிக்காது, எல்லாக் குளங்களிலும் பலனும் தருவதில்லை. உங்களுக்கு அது தேவைப்படாது. சொரசொரப்பான குச்சி ஒன்றை இழைகளுக்குள் நுழைத்து, நூற்கண்டு சுற்றுவதுபோல் சுற்றி இழுங்கள், கற்றையாக வந்துவிடும். இதுவும் நீரிலிருந்து உரத்தை எடுத்த செடிதான், ஆகவே இழுத்தெடுப்பது நட்டமல்ல. கல்லில் ஒட்டிய மெல்லிய பூச்சை விட்டுவிடுங்கள், மீன்களும் நத்தைகளும் மேய்வதற்கு அது வேண்டும். எடுத்த கற்றையை உடனே எருக்குழியில் போடாமல் ஓர் இரவு குளத்தின் விளிம்பில், நீரைத் தொட்டபடி வையுங்கள். அதில் சிக்கிய நத்தைக் குஞ்சுகளும் தட்டான்பூச்சியின் இளம்புழுக்களும் தாமே நீருக்குள் இறங்கிவிடும்.


கொல்லைக்குளம் | 61ஆம் நாள்

அப்படியே செய்தோம். இன்று காலை மகள் கற்றையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விளிம்பிலிருந்து ஏழு நத்தைகள் உள்ளே போய்விட்டன என்று எண்ணிச் சொன்னாள். இழுத்தெடுத்த இழை ஈரத்தோடு அரைக் கிலோ இருந்தது. அடுத்த வாரமும் நிறுத்து இங்கே எழுதுகிறேன்.